மூசிக்கரை நரி

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைப் பார்த்தால் போதும். ஜெயராம் நரியையும் பார்த்தாக வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, பெண்ணின் அப்பாவுக்குக் காட்டவும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது இன்னும் சரியாக வெளுக்கவில்லை. ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியிலிருந்து மூசி ஆற்றங்கரைப் பூங்காவை நோக்கி ஆட்டோ குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. ஜெயராம் உள்ளங்கைகளை மாற்றி மாற்றி பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் அவன் அம்மா கல்பகம், மடியில் கேசரி டப்பாவைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தாள்.

"பொண்ணு பாக்கற அன்னிக்கு நரி முகத்துல முழிக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்டா. உங்கப்பா என்னைப் பாக்க வந்த அன்னிக்குப் பூனை குறுக்கே போச்சு. இன்னி வரைக்கும் அனுபவிக்கறேன்."

"நரி வருமோ வராதோம்மா."

"வராம எங்க போகும்? நீதானே அந்தப் பொண்ணுண்ட சொன்னே, அடிக்கடி பாக்கறேன்னு?"

சொன்னான். வினை அங்கேதான் முளைத்தது.

வாரா வாரம் ஜெயராம் ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு "பார்க்குல வாக்கிங்" என்று கிளம்பிவிடுவான். அந்தப் பூங்காவின் கேட்டுக்கு வெளியே பிரசாத்தின் டிபன் வண்டி நிற்கும். ஜெயராமின் வாக்கிங் ஆட்டோவில் தொடங்கி அந்த வண்டியில் முடியும். வெங்காயம் இல்லாமல் இஞ்சி தூக்கலாக இரண்டு பெசரட்டு, அதாவது பச்சைப்பயறு தோசை, ஒரு டீ, மறுபடியும் ஆட்டோ. டிக்கெட் எடுத்து உள்ளே போனவனில்லை. கல்பகத்துக்கு இது தெரியாது. தெரியாததால்தான் அல்வாலிலிருந்து வரன் விசாரித்தவர்களிடம், "பையனுக்கு நேச்சர்னா உயிர். ஞாயித்துக்கிழமை ஆனா ஆத்தங்கரை, பறவை, மரம் மட்டைதான்" என்று போனில் அடித்துவிட்டிருந்தாள்.

அல்வாலில் அது சரியான இடத்தில் போய் விழுந்தது. பெண் மாதங்கி, கால்நடை டாக்டர். நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் வேலை. அவள் அப்பா சுந்தரேசன், பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக் கூடத்தில் ரிட்டையரானவர். அங்கே என்ன ஆராய்ந்தார் என்று மனைவிக்கே சொன்னதில்லை. "காப்பிக்குச் சக்கரை எவ்வளவு?" என்று கேட்டால்கூட, சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிப்பார். ரிட்டையரான பின் அவர் வாய் திறந்து பேசுவது பறவைகளைப் பற்றி மட்டும்தான்.

ஜெயராமும் மாதங்கியும் மூன்று தடவை போனில் பேசியிருந்தார்கள். ஒரு ஜோக் சொன்னால் அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சிரிப்பாள். சிரித்தால் நிறுத்த மாட்டாள். அந்த யோசிக்கும் இடைவெளிக்காக ஜெயராம் ஆபீசில் மத்தியானமெல்லாம் ஜோக் தேடினான். இதற்கு முன் வந்த ஜாதகங்கள் தட்டிப்போனபோது கல்பகம்தான் அழுதாள். இது தட்டிப்போனால் அழப்போவது தான்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது போனில் அவள் கேட்டாள்: "பாக்கறவா எல்லாரும் டிரெக்கிங், டிராவல்னே சொல்றா. நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல இருக்கற ஆத்தங்கரைக்குப் போறேள். அங்க என்ன ஸ்பெஷலா பாத்திருக்கேள்?"

உண்மையான பதில் பெசரட்டு. அதைச் சொல்ல முடியாமல் கண்ணை மூடினான். டிபன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, அவன் பிய்த்துப் போடும் துண்டுக்காகக் காத்திருக்கும் செம்பட்டை நாயின் முகம் ஏனோ மனக்கண்ணில் வந்தது. "நரி" என்றான்.

மறுநாளே சுந்தரேசன் போன் செய்தார். "மிஸ்டர் ஜெயராம், பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் வேண்டாம்னு மாதங்கி சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை காலம்பற உங்க பார்க்குலயே பாத்துப்போம். நரி எந்தப் பக்கம் வரும்?"

"எல்லாப் பக்கமும், சார்" என்று சொல்லி வைத்தான்.

அதன் பிறகு தூக்கம் போயிற்று. செல்போனில் பறவைப் படங்களைப் பார்த்துப் பாடம் பண்ணினான். எல்லாப் பறவையும் கொக்கு மாதிரி இருந்தது, கொக்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் பிரசாத்தைத் தேடிப் போய், "நாளைக்கு நான் ஃபேமிலியோட வரேன். உனக்கு என்னைத் தெரியாது, சரியா?" என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டான்.

பிரசாத் நெஞ்சில் கை வைத்தான். "அன்னா, மிம்மல்னி நேனு எப்புடூ சூடலேது." உங்களை நான் பார்த்ததே இல்லை அண்ணா என்று தெலுங்கில் வாக்குக் கொடுத்துவிட்டான்.

எல்லாம் யோசித்தவன் ஒன்றை விட்டுவிட்டான். பிரசாத்திடம் சொன்னவன் நாயிடம் சொல்ல மறந்துவிட்டான்.

கேட்டில் சுந்தரேசனும் மாதங்கியும் முன்பே வந்து நின்றிருந்தார்கள். மாதங்கியின் அம்மாவுக்கு மூட்டு வலி, வரவில்லை. ஜெயராமின் அப்பாவுக்கு ரயில்வேயில் டூட்டி, அவரும் வரவில்லை. சுந்தரேசன் கழுத்தில் ஒரு பைனாகுலர், கையில் இன்னொன்று, முதுகில் முக்காலியோடு ஒரு டெலஸ்கோப். மாதங்கி சாம்பல் நிற சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக இருந்தாள். போட்டோவில் இருந்ததைவிட மூக்கு கொஞ்சம் கூர்மை.

"வாங்கோ மாமி" என்றாள் கல்பகத்திடம். அவனிடம், "ரெடியா?" என்றாள்.

"ஹவ்" என்றான். ஆமாம் என்று சொல்ல வந்தவனுக்குப் பயத்தில் ஹைதராபாத் உருது வந்துவிட்டது.

பிரசாத் வாக்குத் தவறவில்லை. அளவுக்கு மேலேயே காப்பாற்றினான். அவர்கள் வண்டியைக் கடந்தபோது தோசைத் திருப்பியை அப்படியே போட்டுவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். தெரியாதவனைப் பார்த்து யாரும் அப்படித் திரும்பிக்கொள்ள மாட்டார்கள். வண்டிக்கு அடியில் நாயைக் காணோம். ஜெயராம் மூச்சு விட்டான்.

வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று உள்ளே எழுதிப் போட்டிருந்தது. "இது சாப்பாடு இல்ல, சுவாமிக்கு நைவேத்யம் பண்ணினது" என்று போர்டைப் பார்த்தே சொல்லிவிட்டு கல்பகம் நடந்தாள்.

கரையோரமாக மண்பாதை. ஒரு பக்கம் வேப்பமரங்கள். இன்னொரு பக்கம் ஆளுயரக் கோரைப்புல். அதற்கு அப்பால் மூசி. ஊர் முழுவதும் கை கழுவிய தண்ணீர் சோப்பு நுரையோடு போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரிலும் பறவைகள் கூசாமல் நின்றன.

சுந்தரேசன் நின்றார். "மிஸ்டர் ஜெயராம், அது?"

"கொக்கு, சார்."

"எந்தக் கொக்கு?"

"வெள்ளைக் கொக்கு."

"வெள்ளையில எது?"

ஜெயராம் அவர் நீட்டிய பைனாகுலரை வாங்கி மாட்டிக்கொண்டான். முன்பின்னாகப் பிடித்திருந்தான் போல, கொக்கு எங்கோ தொலைவில் ஆதிலாபாத்தில் நிற்பது மாதிரி தெரிந்தது. "கொஞ்சம் சின்ன வெள்ளை."

சுந்தரேசன் பத்தடி நடந்தார். "அது?"

"அதுவும் கொக்குதான் சார். இது கறுப்பு."

"நீர்க்காகம்" என்றார் சுந்தரேசன், இரண்டாம் வகுப்பில் தோற்றவனைப் பார்க்கிற பார்வையோடு.

"காக்காதான்னு சொல்ல வந்தான். மரியாதைக்காகக் கொக்குன்னுட்டான்" என்றாள் கல்பகம்.

மாதங்கி யோசித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாளா, தன்னோடு சிரிக்கிறாளா என்று ஜெயராமுக்குப் புரியவில்லை. தலைக்கு மேல் ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டே சுற்றியது.

"இதாவது தெரியறதா?" என்றாள் மாதங்கி, தணிந்த குரலில். "ஆள்காட்டி. திருட்டுத்தனமா யாராவது வந்தா கத்திக் காட்டிக் குடுத்துடும்."

ஜெயராம் அந்தப் பறவையைப் பார்க்கவே பயந்தான்.

அப்போதுதான் கோரைப்புல் அசைந்தது. காற்றில்லை. ஒரே இடத்தில் மட்டும் அசைந்தது. பாதைக்கு இணையாக, அவர்கள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. சுந்தரேசன் கையை உயர்த்தினார். எல்லோரும் கல்லானார்கள். புல்லின் இடைவெளியில் ஒரு செம்பட்டை முதுகு தெரிந்தது. கூரான காது. ஒடுங்கிய முகம். தாழ்ந்து தொங்கும் வால்.

"நரி" என்றார் சுந்தரேசன்.

கல்பகம் டப்பாவை இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஈஸ்வரா! என்ன ஒரு தேஜஸ்!"

ஜெயராமுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது டைகர். பிரசாத்தின் வண்டி நாய். பேரில் புலி, பிறப்பில் நாய், இப்போது நரி. கேட்டில் அவனைப் பார்த்ததிலிருந்து, இன்னும் ஏன் பெசரட்டு வாங்கவில்லை என்ற கவலையோடு மோப்பம் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

"வாலைப் பாருங்கோ மாமி" என்று சுந்தரேசன் கிசுகிசுத்தார். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "நாயா இருந்தா வால் சுருண்டு மேல நிக்கும். நரிக்குத்தான் இப்படித் தொங்கும்."

வால் தொங்கியதன் காரணம் ஜெயராமுக்குத் தெரியும். அவன் கையில் பொட்டலம் இல்லை, டைகருக்கு மனசு சரியில்லை. அவனைக் கண்ணுக்குக் கண் பார்த்துவிட்டால் போதும், வால் கிளம்பிவிடும். அவன் மெல்ல நகர்ந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். வாலே, கொஞ்ச நேரம் படுத்திரு என்று வேண்டிக்கொண்டான். இத்தனை வயதில் அவன் எதற்கும் இவ்வளவு மனமுருகி வேண்டியதில்லை. வால் நுனி ஒரு தரம் ஆடியது. நின்றது. மறுபடி புல்லுக்குள் போயிற்று.

சுந்தரேசன் செல்போனில் ஒரு படம் எடுத்திருந்தார். புல்லும் ஒரு செம்பட்டைத் தீற்றலும் தெரிந்தன. அந்தத் தீற்றலைப் பார்த்து அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை கட்டியது. பறவை பார்க்கும் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டுக்கொண்டே முன்னால் ஓடினார். "ரகுநாதன்? எங்க இருக்கேள்? உங்க குரூப்பையும் கூட்டிண்டு கரைப்பக்கம் வாங்கோ. ஆமா, நரி! நானே கண்ணால பாத்தேன்!"

மாதங்கி ஜெயராமின் பக்கத்தில் வந்து நின்றாள். கல்பகம் கண்ணை மூடி ஏதோ ஸ்தோத்திரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இடது காது ஓரத்துல வெட்டு இருக்கு, பாத்தேளா?" என்றாள் மாதங்கி, ஆற்றைப் பார்த்தபடி.

"எதுக்கு?"

"முனிசிபாலிட்டில தெருநாயைப் பிடிச்சுக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணினா, அடையாளத்துக்குக் காதை வெட்டி விடுவா. நான் தினம் பாக்கறேன். நரிக்கு யாரும் ஆப்பரேஷன் பண்றதில்ல."

ஜெயராம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அது உங்களைப் பாத்து வாலாட்டித்து. நீங்க மாமிக்குப் பின்னால ஒளிஞ்சேள். அதையும் பாத்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கொக்கு தெரியாதவர்னா எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கே பாதி தெரியாது. ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்லிண்டு ஒரு வீட்டுல என்னால இருக்க முடியாது. நக்கோ, வேண்டவே வேண்டாம். அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ, இன்னிக்கே. இல்லேன்னா சாயந்திரம் நான் வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"சொன்னா உங்கப்பா வேண்டாம்னுடுவாரே?"

"சான்ஸ் இருக்கு" என்றாள். "போன வருஷம் அப்பா கழுகுன்னு ஒண்ணைக் காட்டினார். அது பருந்துன்னு அந்த ரகுநாதன் அங்கிள் எல்லார் முன்னாடியும் நிரூபிச்சுட்டார். அப்பா மூணு நாள் சாப்பிடல."

சொன்னாலும் போயிற்று, சொல்லாவிட்டாலும் போயிற்று. ஜெயராம் மூசியைப் பார்த்தான். குதிக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீரில் குதித்தவன் செத்தாலும் யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சுந்தரேசனிடம் போனான். "சார், ஒரு விஷயம்."

"உஷ்."

"அந்த நரியைப் பத்தி..."

"உஷ்! பக்கத்துலதான் இருக்கும்." டெலஸ்கோப்பை முக்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க எதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாழ்ந்த மனிதர், சொல்வதற்கு ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார். ஜெயராமுக்கு அதைப் பார்க்க இன்னும் கலக்கமாக இருந்தது.

ரகுநாதன் வந்துவிட்டார். தொப்பி, பச்சைச் சட்டை, பத்துப் பன்னிரண்டு பேர், பீரங்கி மாதிரி கேமராக்கள். எல்லோரும் அரைவட்டமாக நின்று கோரைப்புல்லைக் குறிவைத்தார்கள்.

"கன்ஃபர்ம்டா, சுந்தரேசன்? பருந்து மாதிரி ஆயிடப் போறது" என்றார் ரகுநாதன்.

"வால் தொங்கித்து" என்றார் சுந்தரேசன் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒருவரும் மூச்சு விடவில்லை. ஆள்காட்டிகூட வாயை மூடிக்கொண்டது. அந்த நிசப்தத்தில்தான் கல்பகம், வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று, கேசரி டப்பாவைத் திறந்தாள்.

நெய் வாசனை கோரைப்புல்லைத் தொட்டது.

புல் இரண்டாகப் பிளந்தது. டைகர் வெளியே வந்தது. வால் வட்டமாகச் சுருண்டு, மேலே நின்று, இடமும் வலமுமாகப் பறந்தது. அரைவட்டத்தையும் கேமராக்களையும் தாண்டி நேராக ஜெயராமிடம் ஓடி வந்து, முன்னங்கால் இரண்டையும் அவன் இஸ்திரிச் சட்டையில் வைத்து, வராத பெசரட்டுக்கும் சேர்த்து முகத்தை நக்கியது.

கிளிக் கிளிக் என்று யாரோ பழக்கதோஷத்தில் படம் எடுத்தார்கள்.

"இதுவா சார் உங்க நரி?" என்றார் ரகுநாதன். மிகவும் மரியாதையாகக் கேட்டார். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

சுந்தரேசனின் காது சிவந்தது. ஜெயராம் மாதங்கியைப் பார்த்தான். அவள் எங்கேயும் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார், இதேதான்" என்றான் ஜெயராம். "பேரு டைகர். வெளில டிபன் வண்டி நாய். தப்பு சார்மேல இல்ல. நான்தான் இங்க நரி இருக்குன்னு பொய் சொன்னேன். நான் இந்தப் பார்க்குக்குள்ள வந்ததே இன்னிக்குத்தான். வாக்கிங்னு சொல்லிட்டு வெளில நின்னு பெசரட்டு சாப்பிடுவேன்."

"அதான் தொப்பை குறையலியா!" என்றாள் கல்பகம். அவளுக்கு முதலில் பட்டது அதுதான்.

சுந்தரேசன், இதை வெளியே விடலாமா என்று மேலிடத்தைக் கேட்பவர் போல மேலே பார்த்தார். ஜெயராம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். டைகர் கேசரியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ரகுநாதன்," என்றார் கடைசியில், "இது நாய். நான் பாத்தது நரி. ரெண்டும் வேற."

"அவரே ஒத்துக்கறாரே, சுந்தரேசன்!"

"அவர் பேச்சை எப்படி எடுத்துக்க முடியும்? காலம்பறலேர்ந்து நான் டெஸ்ட் பண்ணிண்டிருக்கேன். நீர்க்காகத்தைக் கறுப்புக் கொக்குங்கறார். பைனாகுலரை முன்பின்னாப் பிடிக்கறார். எங்க மாப்பிள்ளைக்குக் கொக்கே தெரியாது, நரி எங்க தெரியப் போறது?"

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. முதலில் உறைத்தது கல்பகத்துக்குத்தான். "என்னன்னு சொன்னேள்? மாப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எல்லோர் கையிலும் கேசரி வைக்க ஆரம்பித்தாள். டைகருக்கு இரண்டு கரண்டி.

"அப்போ அடுத்த ஞாயிறு அந்த நரியைக் காட்டுங்கோ" என்றார் ரகுநாதன், வாயில் கேசரியோடு.

"காட்டறோம்" என்றார் சுந்தரேசன். "மாப்பிள்ளையும் நானும் வாரா வாரம் வருவோம். அது வர வரைக்கும்."

ஜெயராம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இனி எத்தனை ஞாயிறு!

திரும்பி நடக்கும்போது மாதங்கி அவனோடு சேர்ந்து வந்தாள். டைகர் இருவருக்கும் நடுவில் வந்தது.

"நான் சொல்லிட்டேன். உங்கப்பா நம்பலியே" என்றான்.

"அது அவர் பாடு. நீங்க சொன்னேளே." குனிந்து டைகரின் தலையைத் தடவிவிட்டாள். "பெசரட்டாவது நிஜமா?"

"சத்தியமா."

"பாக்கலாம்." கேட்டைத் தாண்டி நேராக வண்டிக்குப் போனாள். பிரசாத்திடம், "அன்னா, இவர் வாரா வாரம் இங்க வருவாரா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

பிரசாத் ஜெயராமை மேலும் கீழும் பார்த்தான். ஜெயராம், சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினான். கண்ணால் கெஞ்சினான். பிரசாத்துக்கு அந்தக் கெஞ்சல் நேற்றே பழக்கம்.

"எவரு மேடம்? ஈயன்னி நேனு எப்புடூ சூடலேது" என்று நேற்றைய வாக்கையே அழுத்தம் திருத்தமாகத் திருப்பிச் சொன்னான். போதாதென்று யாதகிரிகுட்டா நரசிம்ம சுவாமிமேல் சத்தியமும் வைத்தான்.

ஜெயராம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாதங்கி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை. பிரசாத்தின் வாய் சத்தியம் செய்துகொண்டிருந்தபோதே அவன் கை பாட்டுக்கு மாவை எடுத்து இரண்டு பெசரட்டு ஊற்றியிருந்தது. வெங்காயத்தைத் தொடாமல் தாண்டி, இஞ்சியை மட்டும் இரண்டு பங்காகத் தூவி, ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி, பார்க்காமலே கீழே போட்டது. டைகர் அதை அந்தரத்தில் பிடித்தது.

மாதங்கி யோசித்தாள்.

சிரிப்பாளா என்று ஜெயராம் காத்திருந்தான்.